தந்தைக்குப் பிள்ளைகள் செய்து தரும் எளிய பரிசுகள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கும் ஆய்வின் பொருட்டுச் செல்லுங்கால், அங்கத்தினர்களின் இல்லங்களையும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டுகிறது. தறியின் அருகே துண்டு நூல் குவிந்து கிடக்கிறது. களத்து மேட்டில் பனை ஓலையும் வாழை மட்டையும் காய்ந்து கிடக்கின்றன. அடுக்களை மூலையில் வெங்காயத் தோலும், வாசலில் வெறும் புட்டிகளும் சேருகின்றன. இவை அனைத்தும் நாள்தோறும் பெருக்கித் தள்ளப்படும் பொருள்களே. இவற்றைக் கொண்டு நம் பிள்ளைகள் தம் தந்தைக்குப் பயன்படும் பரிசுகளைத் தாமே செய்து அளிக்கலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெற்றோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தாமே படித்தும் செய்யலாம்.

தந்தையர் நாள் தோன்றிய வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையைத் தந்தையர் நாள் என்று பல நாடுகளில் கொண்டாடுகின்றனர். நம் நகரங்களிலும் இவ்வழக்கம் பரவியிருக்கிறது. அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் என்றொரு நகரம் உண்டு. அங்கு வாழ்ந்த சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் அம்மையாரின் முயற்சியால், 1910-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இவ்விழா அந்நகரில் முதன்முதலாக எடுக்கப்பட்டது. அவருடைய தந்தையார் வில்லியம் ஜாக்சன் ஸ்மார்ட் உள்நாட்டுப் போரில் பங்குகொண்டவர், ஓர் உழவர். பிரசவத்தில் மனைவியை இழந்த பின்னர், பிள்ளைகளைத் தாமே முன்னின்று வளர்த்தவர். அத்தகைய தந்தையர்க்கும் நன்றி கூற ஒரு நாள் வேண்டும் என்பதே அம்மகளின் விருப்பம். 1972-ஆம் ஆண்டிலேதான் இந்நாள் அந்நாட்டில் சட்டப்படி நிலைபெற்றது.

இடையில் வணிகர்கள் இதனைத் தமக்குரிய விழாவாக்கிக் கொண்டனர். 1930-களில் ஆடவர் உடை விற்போர் இதற்கு மிகுந்த விளம்பரம் தந்தனர். இன்றும் ஜூன் மாதம் பிறந்துவிட்டால், கைக்கடிகாரமும் சட்டையும் வாங்கித் தருமாறு கைப்பேசியிலேயே விளம்பரங்கள் வந்து குவிகின்றன. பிள்ளைக்கு வருமானம் ஏது? தந்தையின் பணத்தை வாங்கித் தந்தைக்கே பரிசளிப்பது, சங்கத்தில் கடன் வாங்கிச் சங்கத்திற்கே பங்குத் தொகை செலுத்துவது போன்றதுதான். கணக்கில் அது வரவாகத் தோன்றும். கையிருப்பு ஒரு காசும் கூடாது. பிள்ளையிடம் உண்மையாகவே உள்ள மூலதனம் இரண்டு கைகளும் சிறிது ஓய்வு நேரமுமே. அவற்றை முதலீடு செய்து உண்டாக்கும் பொருளே அப்பிள்ளையின் சொந்தப் பரிசு.

எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது?

பொருள் சேர்ப்பதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை அவசியம். தறிவீட்டில் உள்ள நூலெல்லாம் வீட்டுக்குச் சொந்தமானதன்று. சங்கம் நூலை நிறுத்துக் கொடுக்கிறது. நெய்த துணியை நிறுத்து வாங்குகிறது. சிட்டத்திலிருந்து பிள்ளை விளையாட்டாக உருவும் நூல், தந்தையின் கணக்கில் குறைவாக நிற்கும். ஆகவே சிட்டமும் கண்டும் தொடத் தக்கவை அல்ல.

அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. நெய்து முடித்த துணியை அறுத்தெடுத்த பின்பும், அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் நுனிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அறியாதார் கண்ணுக்கு அவை கழிவாகவே தோன்றும். ஆனால் புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த நுனிகளோடுதான் பிணைக்கிறார்கள். அவற்றை வெட்டி எடுத்துவிட்டால், ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடியும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியதுதான். பரிசு செய்யப் போய்த் தந்தைக்குச் சில நாள் வேலையைக் கூட்டிவிட்டதாக முடியும்.

பிணைத்து முடிந்த பின் கீழே விழும் துண்டுகள், தார்க்குச்சியில் மிஞ்சிய இரண்டொரு முழம், அறுந்து நீக்கிய ஊடை ஆகியவை மட்டுமே பிள்ளைகளுக்கு உரியவை. அவற்றையும் தந்தையையோ தாயையோ கேட்டே எடுத்தல் வேண்டும். ஒரு பழைய தலையணை உறையில் இவற்றை நிறவாரியாகச் சேர்த்து வந்தால், இரண்டு மாதங்களில் கீழ்க்கண்டவற்றுள் எதனையும் செய்யப் போதிய நூல் கிடைத்துவிடும்.

1. அட்டைத் தறியில் நெய்யும் கண்ணாடி உறை

நாற்பது வயதைக் கடந்த நெசவாளர்களுள் கண்ணாடி அணியாதவர் சிலரே. நுண்ணிய இழைகளை நோக்கி நோக்கித் தொழில் செய்பவருக்குக் கண்ணாடி இன்றியமையாதது. அதனைத் தறிமரத்தின்மீது வெறுமனே வைப்பதால் கீறல் விழுகிறது. கண்ணாடிக்கு ஒரு நல்ல உறையைத் தையலே இல்லாமல் பத்து வயதுப் பிள்ளையும் நெய்துவிடலாம்.

தடித்த பெட்டி அட்டையில் 7½ அங்குல உயரமும் 3½ அங்குல அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். இதுவே தறி. மேல் விளிம்பில் இருபுறமும் கால் அங்குலம் விட்டு, கால் அங்குலத்துக்கு ஒன்றாக 13 வெட்டுகள் இட வேண்டும். கீழ் விளிம்பிலும் அவ்வாறே 13 வெட்டுகள். ஒவ்வொன்றும் கால் அங்குல ஆழம் இருந்தால் போதும்.

அடுத்தது பாவு. நாலைந்து இழைகளை ஒன்றாக முறுக்கிய கெட்டி நூலே இதற்கு ஏற்றது. நூலின் நுனியை மேல் விளிம்பின் முதல் வெட்டில் செருகி முடிந்து, முன்புறமாகக் கீழே இறக்கி, கீழ் விளிம்பின் முதல் வெட்டின் வழியே பின்புறம் கொண்டுபோக வேண்டும். பின்புறத்தில் மேலேற்றி, மேல் விளிம்பின் இரண்டாம் வெட்டு வழியாக மீண்டும் முன்புறம் இறக்க வேண்டும். இங்ஙனம் சுற்றிக்கொண்டே போய், கீழ் விளிம்பின் பதின்மூன்றாம் வெட்டில் நிறுத்தி, அருகிலுள்ள இழையோடு முடிந்துவிட வேண்டும். இப்பொழுது எண்ணிப் பார்த்தால் முன்புறம் 13 இழை, பின்புறம் 12 இழை, ஆக மொத்தம் 25 இழை இருக்கும். இவ்வெண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதிலேதான் சூட்சுமம் அடங்கியுள்ளது.

மூங்கில் குச்சியொன்றைச் சீவி, ஒரு முனையில் துளையிட்டு ஊசியாக்கி, அதில் ஊடை நூலைக் கோத்துக்கொள்ள வேண்டும். கீழ் விளிம்பை ஒட்டித் தொடங்கி, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக முன்புறம் முழுதும் ஓட்டி, நிறுத்தாமல் அப்படியே பின்புறமும் ஓட்ட வேண்டும். ஒரு சுற்று முடிந்து முதல் இழைக்குத் திரும்பி வரும்போது, முன்பு மேலே சென்ற இடத்தில் இப்பொழுது கீழே செல்ல வேண்டிய முறை தானாகவே வந்து சேரும். இழைகள் ஒற்றைப்படையாக இருப்பதன் பயன் இதுவே. இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றின் வழியிலேயே ஓடித் துணி உருவாகாது. தந்தையின் தறியில் விழுதுகளும் மிதிகளும் மாறி மாறிச் செய்யும் வேலையை, இங்கே எண்ணிக்கை ஒன்றே செய்துவிடுகிறது.

நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை பழைய சீப்பினால் ஊடையைக் கீழ்நோக்கித் தட்டி நெருக்க வேண்டும். தறியில் பலகை அடிப்பது போன்றதே இதுவும். நூலை மிகவும் இறுக்கி இழுத்தால் உறையின் நடுப்பகுதி இடைபோல் ஒடுங்கிவிடும். சற்றே தளர விட்டுத் தட்டுவதே முறை. நூல் தீர்ந்துபோனால் முடிச்சுப் போட வேண்டுவதில்லை; புது நூலைப் பழைய நூலின்மேல் ஓர் அங்குலம் ஒன்றாக ஓட்டினால் போதும். நிறத்தை மாற்றினால் கரை விழும். தந்தை நெய்யும் சேலையின் கரையைப் பார்த்தே அந்நிற வரிசையைப் பிள்ளைகள் அமைக்கலாம்.

மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரும்வரை நெய்து, மேலே உள்ள பாவு இழைகளைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். முன்புற இழைகளை அருகருகே இரண்டிரண்டாக முடிய வேண்டும். ஒரு முடிச்சில் மட்டும் மூன்று இழைகள் அமையும். பின்புற இழைகளையும் அவ்வாறே முடிய வேண்டும். முன்னிழையையும் பின்னிழையையும் சேர்த்து முடிந்துவிட்டால் உறையின் வாய் மூடிக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. பிறகு அட்டையை வெளியே உருவினால், அடியும் பக்கமும் மூடிய, தையலற்ற உறை கையில் நிற்கும். மாலையில் ஒரு மணி நேரம் வீதம் நான்கைந்து நாள்களில் இது முடிந்துவிடும்.

2. தறிப் பலகைக்கு ஒரு மெத்தை

குழித்தறியில் நெய்பவர் காலையிலிருந்து மாலைவரை பலகையின் மீதே அமர்ந்திருக்கிறார். மடித்த சாக்கோ பழைய போர்வையோதான் பெரும்பாலான இல்லங்களில் அவருக்கு இருக்கை. இதற்கு மாற்றாகக் கந்தல் துணியால் பின்னிய வட்ட மெத்தையைப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து செய்யலாம்.

கிழிந்த வேட்டியையும் சேலையையும் ஒன்றரை அங்குல அகலமுள்ள பட்டைகளாகக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சடைபோல் பின்ன வேண்டும். ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் பின்னினால் பின்னல் ஒழுங்காக வரும். பின்னல் முக்கால் அங்குல அகலம் உடையதாயின், 14 அங்குல வட்ட மெத்தைக்குச் சுமார் 17 அடிப் பின்னல் வேண்டும். பின்னும்போது நீளம் சுருங்குமாதலால், பட்டைகளை அதற்கும் மேலே மூன்றில் ஒரு பங்கு கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னலை நடுவிலிருந்து சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முன் சுற்றோடு கெட்டி நூலால் தைத்து வர வேண்டும். இறுக்கித் தைத்தால் மெத்தை கிண்ணம்போல் குழிந்துவிடும். தரையில் வைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தைப்பதே இதற்குப் பரிகாரம்.

வயலில் உழைக்கும் தந்தையர்க்கும் இது உதவும். இழுவை இயந்திரத்தின் இருக்கையிலும், களத்துக் கட்டிலிலும் இதனை விரித்துக்கொள்ளலாம்.

3. உழவருக்கு ஒரு மழைமானி

பயிரிடும் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்கு நாம் மிகவும் பரிந்துரைக்கும் பரிசு இது. நேற்றிரவு பெய்த மழையைப் பற்றிக் கேட்டால் நம் உழவர்கள் ‘ஓர் உழவு மழை’ என்றோ, ‘தூற்றல்’ என்றோ கூறுவார்கள். அவ்வளவும் அனுபவத்தில் விளைந்த அறிவே. அதனோடு எண்ணும் சேர்ந்துவிட்டால், அடுத்த பாசனம் எப்பொழுது என்று தீர்மானிப்பது எளிதாகும்.

பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் புட்டியொன்றின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதனைத் தலைகீழாகப் புனல்போல் அதன் வாயிலேயே பொருத்த வேண்டும். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருக்குமாதலால், சிறு கூழாங்கற்களை இட்டு, நேரான பக்கம் தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அந்நீர் மட்டத்தில் ஒரு கோடு இட வேண்டும். அதுவே சுழி. அதற்கு மேல் பள்ளி அளவுகோலைப் பார்த்து மில்லிமீட்டர்க் கோடுகளைத் தாளில் வரைந்து, நீர் புகாத ஒட்டுப் பட்டையால் புட்டியின்மேல் ஒட்டிவிட வேண்டும். புனலின் வாயும் புட்டியின் உடலும் ஒரே அகலம் உடையனவாக இருப்பதால், ஏறிய நீரின் உயரமே பெய்த மழையின் அளவாகும்.

வைக்கும் இடமும் கருதத்தக்கது. மரமோ சுவரோ அருகில் இருந்தால், அதன் உயரத்தைப் போல் இருமடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். காற்றில் சாயாதபடி செங்கற்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். நம் நாட்டு வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையளவு எடுக்கிறது. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் அதற்கு ஒத்த நேரத்தில், நாள்தோறும் ஒரே வேளையில் அளவெடுத்துக் குறிப்பேட்டில் பதிந்து, நீரைச் சுழிக்கோடு வரை வடித்துவிடலாம். வெயிலில் நீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடியும் ஊற்றி நிரப்ப வேண்டும்.

அவ்வெண்ணை நிலத்தின் கணக்காக மாற்றுவதும் எளிதே. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழை, சென்ட் ஒன்றுக்கு 40 லிட்டர் நீரைத் தருகிறது. பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர். அன்றைக்கு மோட்டாரை இயக்க வேண்டுமா வேண்டாமா என்று, தந்தை மகளைக் கேட்டு முடிவு செய்யலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமாதலால், செப்டம்பர் மாதத்திலேயே இதனைச் செய்து கொடுத்தல் நலம்.

4. வெங்காயத் தோலில் சாயமேற்றிய கைக்குட்டை

சாயமிடாத பருத்தித் துணியில் ஒரு முழச் சதுரம் இதற்குப் போதும். அடுப்பு வேலை உள்ளதாதலின் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயம்.

முதலில் துணியைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் நன்கு அலசிக் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் போக்க வேண்டும். துணியின் எடை 50 கிராம் என்று கொண்டால், 10 கிராம் கடுக்காய்த் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் துணியை ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிந்து உலர்த்த வேண்டும். மறுநாள் 8 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் சில மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பருத்தி சாயத்தை எளிதில் பற்றாது. கடுக்காயின் துவர்ப்பும் படிகாரமும் சேர்ந்தே அதனைப் பற்றச் செய்கின்றன. நம் நாட்டுச் சாயத்தொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை இது.

பிறகு, துணியின் எடைக்குச் சமமான வெங்காயத் தோலை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்நீரில் துணியை இட்டு மெல்லிய தீயில் அரைமணி நேரம் வைத்திருந்து, ஆறும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். வெங்காயத்தின் வகைக்கு ஏற்பப் பொன்னிறம் முதல் இளம்பழுப்பு வரை நிறம் ஏறும். இரும்புச் சட்டியில் வைத்தால் கடுக்காயும் இரும்பும் கூடி நிறம் கறுத்துவிடும். ஆகவே எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. அப்பாத்திரத்தைப் பின்னர் சமையலுக்கு எடுக்காமல் தனியே வைத்துவிடலாம்.

சாயத்தில் இடுமுன் துணியில் சிறு சிறு முடிச்சுகள் இறுக்கமாகக் கட்டினால், அவ்விடங்களில் சாயம் ஏறாமல் வெண்புள்ளிகள் தோன்றும். மதுரைச் சுங்குடிச் சேலையின் புள்ளிகளும் முடிச்சிட்டுச் சாயமேற்றும் இம்முறையில் விளைந்தவையே. மஞ்சள்தூளை மட்டும் இதற்குக் கொள்ள வேண்டா. மஞ்சள் நிறம் கண்ணைக் கவர்வதாயினும் வெயிலில் விரைவில் மங்கும். சவர்க்காரம் பட்டதும் சிவந்துவிடும்.

5. சேமிப்பேட்டுக்கு உறையும், தவணை அட்டையும்

சங்கத்தின் சேமிப்பேடுகளும் கடன் கணக்கேடுகளும் எந்நிலையில் எம் மேசைக்கு வருகின்றன என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். எண்ணெய்க் கறை படிந்தவை, வியர்வையில் ஊறி எழுத்து அழிந்தவை, எலி கடித்தவை எனப் பலவிதம். ஏட்டின் அளவுக்கு நான்கு புறமும் ஓர் அங்குலம் கூட்டித் துணி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, இருபுற அட்டைகளும் நுழையும்படி மடிப்பு வைத்தால் நல்லதோர் உறை ஆகிவிடும். அட்டைத் தறியில் நெய்த நாடாவை அதற்குக் கட்டும் கயிறாக வைக்கலாம்.

இதனோடு மற்றொன்றும் செய்யலாம். தடித்த தாளொன்றில் தந்தையின் அங்கத்தினர் எண், கடன் பெற்ற நாள், தவணை செலுத்த வேண்டிய நாள், பேரவைக் கூட்ட நாள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, உறைக்குள் ஒன்றும் சுவரில் ஒன்றுமாக வைக்க வேண்டும். பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டிச் சலுகை உண்டு. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். கையில் பணம் இருந்தும் நாளை மறந்த ஒரே காரணத்தால் சலுகையை இழந்தோரை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். சில ஊர்களில் பிள்ளை எழுதிச் சுவரில் ஒட்டிய தாளைக் காட்டி, ‘பாப்பா நினைவுபடுத்தியது, கட்டிவிட்டேன்’ என்று முகமலர்ச்சியோடு கூறும் அங்கத்தினர்களும் உளர். செலவே இல்லாத இப்பரிசினால் குடும்பத்திற்குக் கிட்டும் ஆதாயம் ரூபாய்க் கணக்கில் சொல்லத் தக்கது.

6. மிகவும் சிறிய பிள்ளைகளுக்கு

ஐந்தாறு வயதினர்க்குக் கத்தரியும் அடுப்பும் ஆகா. கொட்டாங்கச்சி இரண்டைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றை ஒட்டி, காசு நுழையும் துளையைப் பெரியவர் இட்டுத் தந்தால் உண்டியல் தயாராகிவிடும். அதற்கு வண்ணம் தீட்டுவது பிள்ளையின் வேலை. வாழை நாரைத் திரித்துச் சாவிக்கொத்துக்குக் கயிறு செய்யலாம். நொச்சி இலையையும் வேப்பிலையையும் நிழலில் உலர்த்திச் சிறு துணிப்பையில் கட்டினால், தந்தையின் விழாக்கால வேட்டி இருக்கும் பெட்டியில் பூச்சி அண்டாதிருக்க உதவும். பனை மிகுந்த ஊர்களில் ஓலை விசிறி முடையப் பாட்டிமார் சொல்லிக் கொடுப்பார்கள். அதனை எழுத்தில் விளக்குவதைவிட அவர்கள் அருகில் அமர்ந்து பார்ப்பதே மேல்.

இதனால் விளைவது யாது?

‘இத்தொழில் என்னோடு போகட்டும், பிள்ளைகளாவது படித்து வேறு வேலைக்குப் போகட்டும்’ என்று கூறாத நெசவாளரை நாம் அரிதாகவே காண்கிறோம். உழவரும் அவ்வாறே கூறுகின்றனர். கூலியையும் விலையையும் கண்டு சொல்லும் சொல் அது. அதனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் படித்து எத்தொழிலுக்கும் செல்லட்டும். 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2016-இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. குடும்பத் தொழிலில் உதவுவதாயினும், அது பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவும் படிப்புக்கு இடையூறின்றியும் இருத்தல் வேண்டும். இங்கே நாம் கூறும் கைவேலைகளும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே. ஒரு பிள்ளை செய்யும் உறை நன்றாக அமைந்துவிட்டது என்று, பத்து உறை செய்து விற்கச் சொல்லலாகாது. அந்தக் கணமே அது பரிசு என்னும் தன்மையை இழந்து, கூலி வேலையாகிவிடும்.

ஆயினும் ஒரு கவலை நமக்கு உண்டு. தறிச்சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளரும் பிள்ளைக்குக்கூட, பாவு எது, ஊடை எது என்று தெரியாத காலம் வந்துவிட்டது. தந்தை நாள் முழுதும் செய்யும் வேலையின் அருமை தெரியாமலே பிள்ளை வளர்ந்துவிடுகிறது. இருபத்தைந்து இழைகளை வைத்துக்கொண்டு ஒரு சாண் துணி நெய்ய நான்கு மாலைகள் பிடித்தன என்று அறிந்த பிள்ளை, ஆயிரக்கணக்கான இழைகளோடு சேலை நெய்யும் தந்தையின் கைகளை வேறு கண்ணோடு பார்க்கும். பிற்காலத்தில் அப்பிள்ளை எந்நகரத்தில் எவ்வேலையில் இருந்தாலும், கைத்தறித் துணியின் விலையைக் கேட்டு ‘இவ்வளவா?’ என்று வியக்காது. சங்கத்திற்கு அத்தகைய வாடிக்கையாளர்களும் தேவைதானே?

தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கொண்டுவந்து தரும் உறை கோணலாக இருக்கலாம். ஊடை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கலாம். தறியில் தேர்ந்த கண்ணுக்கு அக்குறைகளே முதலில் தெரியும். சங்கத்தில் துணியைத் தரம் பிரிப்பது போல் அதனைத் தரம் பிரிக்க வேண்டா. வாங்கிக் கண்ணாடியை அதில் இட்டு, மறுநாளும் அதிலேயே இடுங்கள்.

எல்லா இல்லங்களிலும் தந்தை உடனிருப்பதில்லை. வேலையின் பொருட்டுத் திருப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்றிருப்பவர் பலர். கண்ணாடி உறையும் கைக்குட்டையும் தபாலில் அனுப்ப ஏற்றவை. கூட ஒரு கடிதமும் வைக்கலாம். தந்தையை இழந்த பிள்ளைகளும் நம் சங்கக் குடும்பங்களில் இருக்கின்றனர். அவர்களை வளர்ப்பவர் தாத்தாவாகவோ, தாய்மாமனாகவோ, தறியில் தாமே அமர்ந்து நெய்யும் தாயாகவோ இருக்கக்கூடும். பரிசு அவர்களுக்கு உரியது. பள்ளியிலோ சங்கத்திலோ இவ்வேலையைச் சொல்லிக் கொடுப்பவர், ‘வீட்டில் உன்னை வளர்ப்பவருக்கு’ என்றே சொல்வாராயின் எந்தப் பிள்ளையும் தலைகுனிய நேராது.

சங்கங்கள் செய்யத்தக்கன

இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டில் கடை திறந்த ராச்டேல் முன்னோடிகளும் நெசவாளர் முதலிய தொழிலாளர்களே. 1854-ஆம் ஆண்டு முதல் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று அவர்கள் ஒதுக்கினர். கூட்டுறவுக்குக் கல்வி புறம்பானதன்று என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. நம் சங்கங்களும் சிறிய அளவில் ஒன்று செய்யலாம்.

ஆகஸ்ட் 7-ஆம் நாள், 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 14-ஆம் நாள் குழந்தைகள் நாள். அனைத்திந்தியக் கூட்டுறவு வாரம் தொடங்குவதும் அந்நாளிலேயே. இவ்விரண்டு நாள்களுள் ஒன்றில், சங்கக் கட்டடத்தின் கூடத்தில், அங்கத்தினர்களுடைய பிள்ளைகளின் கைவேலைகளைக் காட்சிக்கு வைக்கலாம். வேண்டுவன சில மேசைகளும் சில அட்டைகளுமே. துணைவிதிகள் இடம் தருமாயின், நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை எடுத்து, பங்குகொள்ளும் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் வழங்கலாம். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரிக்காமலிருப்பது நன்று. சங்கத்தில் மூத்த நெசவாளர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டைத் தறியைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முன்வந்தால், மற்றவை தாமே நடைபெறும்.

செயலாளர்கள் இதனை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, தறியடியில் விழும் துண்டு நூலைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு பையில் சேர்த்து வைக்கும்படி அங்கத்தினர்கள் தம் இல்லத்தில் சொல்லி வைப்பார்களாக.